விடுதலைக்கு முந்திய தேர்தலும் நம் கையில் இல்லாத வாக்கும்

தேர்தல் நாளன்று காலையில் அமிர்தி மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும், பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளை ஒட்டிய நம் குடியிருப்புகளிலும் ஒரு காட்சியைக் காணலாம். பள்ளிக்கூட வாயிலில் வரிசை நீண்டிருக்கும். சுண்ணாம்புக் குழியில் நின்று காய்ப்பேறிய கால்களோடு ஒரு பெரியவர் நிற்பார். அவருக்குப் பின்னால் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் இளம்பெண் நிற்பாள். நிலக்கிழாரும் வழக்கறிஞரும் அதே வரிசையில் நிற்பார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு. இக்காட்சி நமக்குப் பழகிப் போனதால் இதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

விடுதலைக்கு ஓராண்டு முன்னர், 1946ஆம் ஆண்டில், சென்னை மாகாணச் சட்டசபைக்குப் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அந்நியர் ஆட்சியில் நடந்த கடைசி மாகாணத் தேர்தல் அதுதான். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை எழுதப் போகிறவர்கள் யார் என்பதையும் அதுவே முடிவு செய்தது. அந்த வரிசையில் நம் பாட்டன்மாருள் எத்தனை பேர் நின்றனர்? நின்றவர்களுடைய வாக்கு எதைச் சாதித்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியமனக் காலம்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் நம் மக்களுக்குத் தேர்தல் வழியாக இடம் கிடையாது. அரசாங்கம் பார்த்து நியமித்தவர்களே நம் பிரதிநிதிகள். பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவ்வாறு சென்றார். 1923இல் இரட்டைமலை சீனிவாசன் அவ்வாறே சென்றார். நியமன உறுப்பினர்தாமே என்று அவர்களை எளிதாகக் கருதிவிடக் கூடாது. பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பொதுக் கட்டடங்களில் நுழையவும் எவருக்கும் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் சட்டசபையில் கொண்டு வந்து நிறைவேறச் செய்தவர் சீனிவாசன் அவர்களே. பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாறாக ஆதிதிராவிடர் என்ற பெயர் 1922இல் அரசு ஆவணங்களில் ஏறியதற்கும் அக்காலத் தலைவர்களின் முயற்சியே காரணம்.

ஆயினும் நியமனம் என்பது கொடுத்தவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளக் கூடியது. எனவேதான் 1930இலும் 1931இலும் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் மக்களுக்கு வாக்குரிமையையும், நாமே நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கோரி நின்றனர்.

பூனா ஒப்பந்தம்

1932 ஆகஸ்டு 16ஆம் நாள் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டார். அதன்படி நம் மக்களுக்கு இரண்டு வாக்குகள். ஒன்று, தனித் தொகுதியில் நம்முள் ஒருவரை நாமே தேர்ந்தெடுக்க. மற்றொன்று, பொதுத் தொகுதியில் பிறரோடு சேர்ந்து வாக்களிக்க. மாகாணச் சபைகளில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் மொத்தம் 71. அவற்றுள் சென்னைக்கு 18.

இதனை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் செப்டம்பர் 20ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கியதும், அண்ணல் அம்பேத்கர் இக்கட்டான நிலைக்கு ஆளானதும், செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானதும் நாம் அறிந்த வரலாறு. ஒப்பந்தத்தின்படி இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. சென்னைக்கு மட்டும் 18 என்பது 30 ஆயிற்று. எண்ணிக்கை பெருகியது, ஆனால் தனி வாக்கு போயிற்று.

தனி வாக்குக்கு ஈடாக ஒரு புது முறை வந்தது. தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். முதற்கட்டத்தில் நம் வகுப்பு வாக்காளர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். இதற்கு முதனிலைத் தேர்தல் என்று பெயர். இரண்டாம் கட்டத்தில் அந்த நால்வருள் ஒருவரைப் பொதுத் தொகுதியின் வாக்காளர் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். முதனிலைத் தேர்தல் முறை பத்தாண்டு முடிவில் ஒழியும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது.

இதன் உட்பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு தொகுதியில் நூறு வாக்காளர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் நம்மவர் பன்னிருவர். முதற்கட்டத்தில் பன்னிருவருள் எண்மர் ஒருவரையே ஆதரித்து அவரை முதலிடத்தில் நிறுத்துகின்றனர். ஒரே ஒரு வாக்குப் பெற்றவர் நான்காம் இடத்தில் நிற்கிறார். இரண்டாம் கட்டத்தில் பிற வகுப்பினராகிய எண்பத்தெண்மரின் பெரும்பகுதி அந்த நான்காமவருக்கு விழுந்தால் அவரே வெற்றி பெறுவார். நம் மக்களின் முதல்வர் தோற்பார். இடம் நம்முடையது, திறவுகோல் பிறருடையது. இதுவே பூனா ஒப்பந்தத்தின் சிக்கல்.

மேலும், போட்டியிடுவோர் நால்வரோ அதற்குக் குறைவோ ஆயின் முதனிலைத் தேர்தலே நடக்க வேண்டியதில்லை. வைப்புத்தொகை கட்டிப் பல ஊர்களுக்கு அலைந்து இரண்டு தேர்தல்களைச் சந்திக்க வேண்டிய வேட்பாளர், வறிய வகுப்பில் எத்தனை பேர் கிடைப்பர்? ஆகவே பெரும்பாலான தொகுதிகளில் முதற்கட்டம் நடைபெறாமலே போயிற்று.

யாருக்கு வாக்கு இருந்தது?

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் மொத்தம் 215 இடங்கள். பொதுத் தொகுதிகள் 146. அவற்றுள் 30 நமக்கு ஒதுக்கப்பட்டவை. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறித்தவர்க்கு 8, பெண்களுக்கு 8, நிலக்கிழார்க்கு 6, வணிகர்க்கு 6, தொழிலாளர்க்கு 6 என்று பகுக்கப்பட்டிருந்தன. மலைகளிலும் பின்தங்கிய பகுதிகளிலும் வாழ்ந்த மக்களுக்கு மாகாணம் முழுமைக்கும் ஒரே ஓர் இடம். சவ்வாது மலையில் வாழும் நம் அண்டை மக்கள் அரசியலில் எவ்வளவு தொலைவில் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதை இந்த ஓர் எண்ணே காட்டும்.

இடங்களின் கதை இது. வாக்காளரின் கதை இதைவிடக் கசப்பானது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற கொள்கை அன்று இல்லை. வரி கட்டியவர், நிலத்துக்குப் பட்டா உடையவர், சட்டம் விதித்த கல்வித் தகுதி பெற்றவர், பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஆகியோரே வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றனர். பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் மக்கள் தொகையில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினால்வரே.

அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோரை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விசாரத்திலும் தோல்களைச் சுண்ணாம்பில் ஊற வைத்தும், மயிர் களைந்தும், ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டும் உழைத்தவர் கைகளிலிருந்து சென்ற தோல் கடல் கடந்து இலண்டன் சந்தையில் விலை போயிற்று. ஆனால் உழைத்தவரின் பெயரில் வரி ரசீது ஏது? குடியிருந்த மனையோ பெரும்பாலும் புறம்போக்கு. அல்லது பிறர் நிலம். வயலில் பண்ணையாளாக உழைத்தவருக்குப் பட்டா ஏது? 1892ஆம் ஆண்டு ஆணையின்படி கிடைத்த பஞ்சமி நிலங்களும் பல ஊர்களில் கை மாறிப் போயின. பள்ளியிலே சேர்க்க மறுக்கப்பட்டவனுக்குக் கல்வித் தகுதி எங்கிருந்து வரும்? எஞ்சியது பட்டாளம் ஒன்றே. உயிரைப் பணயம் வைத்தவருக்கு வாக்குக் கிடைத்தது. வியர்வையைக் கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

வறுமை வாக்கைப் பறித்தது. வாக்கின்மை வறுமையை நீட்டித்தது. இந்த வட்டத்தை உடைக்கப் பயன்பட்ட உளிகளுள் கல்வியும் ஒன்று. தொழிலாளர் நலத்துறை நம் குடியிருப்புகளில் நடத்திய பள்ளிகளும், கிறித்தவ அமைப்பினர் நடத்திய பள்ளிகளும், நம் பெரியோர் அரிக்கேன் விளக்கொளியில் நடத்திய இரவுப் பள்ளிகளும் எழுத்தைக் கற்பித்தன. எழுத்தறிந்தவனே வாக்காளர் பட்டியலைப் படிக்க முடிந்தது. விடுபட்ட பெயருக்கு மனு எழுத முடிந்தது.

1937இல் கண்ட பாடம்

புதிய சட்டத்தின்படி முதல் தேர்தல் 1937இல் நடந்தது. காங்கிரஸ் 215இல் 159 இடங்களைப் பெற்று இராஜாஜி தலைமையில் அமைச்சரவை அமைத்தது. நமக்குரிய 30 இடங்களில் 26 காங்கிரசுக்கே சென்றன. வி.ஐ. முனுசாமிப் பிள்ளை அமைச்சரானார். ஜெ. சிவசண்முகம் பிள்ளை அதே ஆண்டில் சென்னை மாநகர மேயரானார். நம் வகுப்பிலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவரே.

எம்.சி. ராஜா 1938இல் கொண்டு வந்த குடிமை இயலாமைகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. பொதுவிடங்களில் நம்மைத் தடுப்பது குற்றம் என்ற நிலைக்கு அது வழி வகுத்தது. அதே ஆண்டில் அவரே கொண்டு வந்த கோயில் நுழைவு மசோதா அரசின் ஆதரவு கிடைக்காமல் தோற்றது. ஒரே மனிதர், ஒரே சபை, ஒரே ஆண்டு. ஆளுங்கட்சி இசைந்தபோது ஒன்று நிறைவேறியது, இசையாதபோது மற்றொன்று வீழ்ந்தது. சபையில் இடம் பெறுவது வேறு, சபையில் வலிமை பெறுவது வேறு என்பதை நம் தலைவர்கள் அன்று உணர்ந்தனர்.

1946ஆம் ஆண்டுத் தேர்தல்

உலகப் போரை ஒட்டி 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. அதன்பின் ஆறாண்டுக் காலம் கவர்னர் ஆட்சி. இடையே 1942இல் நாகபுரியில் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் தோன்றியது. அதன் தலைவராக என். சிவராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1944 செப்டம்பரில் அதன் செயற்குழு சென்னையில் கூடியது. நம் மக்களின் இசைவு இல்லாத அரசியல் சட்டம் எதையும் ஏற்பதற்கில்லை என்ற நிலையைச் சம்மேளனம் உறுதியாக மேற்கொண்டது.

போர் முடிந்தது. பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1945 செப்டம்பர் 19இல் வைசிராய் வேவல் பிரபு வானொலியில் தேர்தல்களை அறிவித்தார். தேர்தலுக்குப் பின் அரசியல் நிர்ணய சபை கூட்டப்படும் என்பதும் அவ்வறிவிப்பில் இருந்தது. எனவே இது வெறும் மாகாணத் தேர்தலாக இருக்கவில்லை. பிறக்கப் போகும் நாட்டின் அடித்தளத்துக்கான தேர்தலாயிற்று. அந்நேரம் பார்த்து நம் மூத்த தலைவர்கள் இருவரும் நம்மிடையே இல்லை. எம்.சி. ராஜா 1943இல் மறைந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1945 செப்டம்பரில் மறைந்தார்.

களத்தின் நிலை இது. நீதிக்கட்சி 1944இல் திராவிடர் கழகமாகி, இத்தேர்தலில் போட்டியிடாமல் விலகி நின்றது. சிறை மீண்ட தியாகிகளின் புகழும், பணமும், ஊர்தோறும் அமைப்பும் காங்கிரசுக்கு இருந்தன. சம்மேளனத்துக்கோ தோன்றி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் ஆதரவாளர் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

முடிவு எதிர்பார்த்தவாறே அமைந்தது. சென்னையில் காங்கிரஸ் 163 இடங்களைப் பெற்றது. இந்தியா முழுவதும் நமக்கென ஒதுக்கிய 151 இடங்களில் காங்கிரஸ் 123 இடங்களை வென்றது. சம்மேளனத்துக்குக் கிடைத்தவை இரண்டே. ஒன்று வங்காளத்தில், மற்றொன்று மத்திய மாகாணத்தில். நாடெங்கும் நாற்பதை ஒட்டிய தொகுதிகளில் மட்டுமே முதனிலைத் தேர்தல் நடந்தது. அவற்றில் நம் மக்கள் அளித்த வாக்குகளில் பெரும்பகுதி காங்கிரசுக்கு எதிரானது என்று அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். ஆனால் 1946 மார்ச்சில் வந்த அமைச்சரவைத் தூதுக்குழு இறுதி முடிவையே பார்த்தது. மே 16 அறிக்கையில் பொது, முஸ்லிம், சீக்கியர் என்ற மூன்று பிரிவுகளையே அது ஏற்றது. நம் மக்கள் தனிப்பிரிவாக ஏற்கப்படவில்லை. பூனாவில் சம்மேளனத்தார் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றது இதன் பின்னரே.

நாணயத்தின் மறுபக்கம்

காங்கிரஸ் வழியே சென்ற நம்மவர் எதையும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1946 ஏப்ரல் 30இல் பிரகாசம் தலைமையில் அமைச்சரவை அமைந்தது. அச்சபையின் தலைவராக ஜெ. சிவசண்முகம் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1955 வரை அப்பதவியில் இருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்குத் தீர்மானம் தேவைப்பட்ட மக்களுள் ஒருவர் எழுந்து நின்றால், முதலமைச்சரும் அமர வேண்டிய நிலை வந்தது. 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது. 1938இல் தோற்றது ஒன்பது ஆண்டுகளில் வென்றது.

இதனினும் பெரிது ஒன்று உண்டு. 1946இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாணச் சபைகளே அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. சென்னையிலிருந்து வி.ஐ. முனுசாமிப் பிள்ளை, பி. கக்கன், எஸ். நாகப்பா, தாட்சாயணி வேலாயுதன் முதலியோர் சென்றனர். நம் வகுப்பிலிருந்து அச்சபைக்குச் சென்ற ஒரே பெண்மணி தாட்சாயணி அம்மையாரே. அண்ணல் அம்பேத்கர் தம் சொந்த மாகாணமாகிய பம்பாயிலிருந்து செல்ல இயலவில்லை. சம்மேளனம் வங்காளத்தில் வென்ற ஒரே இடத்துக்குரிய ஜோகேந்திரநாத் மண்டல் முன்னின்று முயன்று, வங்காளத்திலிருந்து அவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். இரண்டே இடங்கள் என்று எள்ளப்பட்ட வெற்றியில் ஒன்று, அரசியல் சட்டத்தின் சிற்பியைச் சபைக்குள் கொண்டு சேர்த்தது. சிறு வாக்கும் வீண் போவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பிரிவினைக்குப் பின் 1947 ஜூலையில் பம்பாயிலிருந்தே அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பூனா ஒப்பந்தத்தின் சிக்கலும் அச்சபையில் எழுந்தது. 1947 ஆகஸ்டு 28இல் நாகப்பா ஒரு திருத்தம் கொண்டு வந்தார். ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்பவர், நம் வகுப்பினர் அளித்த வாக்குகளில் நூற்றுக்கு 35ஆவது பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அவர் காங்கிரஸ்காரரே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சர்தார் படேல் எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. முதனிலைத் தேர்தல் முறையும் 1946உடன் முடிந்தது. கூட்டுத் தொகுதியில் தனி இடம் என்ற ஏற்பாடு இன்றளவும் தொடர்கிறது.

ஆனால் அதே அரசியல் சட்டம் 17ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. 326ஆம் பிரிவால் வயது வந்த அனைவருக்கும் வாக்கு வழங்கியது. 1951-52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோல் பதனிட்டவரும், பண்ணையாளும், அவர்தம் மனைவியரும் வாக்குச் சாவடிக்குச் சென்றனர். பட்டா கேட்பார் இல்லை. ரசீது கேட்பார் இல்லை. ஆயிரமாண்டு வரலாற்றில் அப்படி ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

அண்டை நாடு தரும் எச்சரிக்கை

கிடைத்த உரிமை நிலைத்தே நிற்கும் என்று எண்ணி அயர்ந்துவிடலாகாது. இலங்கையில் 1931லேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது. 1948 பிப்ரவரி 4இல் அந்நாடு விடுதலை பெறுமுன், 1947இல் பொதுத்தேர்தல் நடந்தது. மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர் அதில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். விடுதலை கிடைத்த அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கும் தொடர்ந்து பறிபோயிற்று. அம்மக்களுள் பலர் தமிழகத்துச் சேரிகளிலிருந்து கப்பலேறியவரின் வழித்தோன்றல்கள். பட்டியலில் பெயர் இருப்பது எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அவர்களைக் கேட்டால் கூறுவர்.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் தேர்தல் வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1946இல் நம் மக்களுக்கு இடங்கள் இருந்தன, வாக்காளர் இல்லை. தலைவர்கள் இருந்தனர், ஊர்தோறும் அமைப்பு இல்லை. இவ்விரு குறைகளுக்கும் ஒரு வேர் கல்வியின்மையே. அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகையும், நம் சங்கம் போன்ற அமைப்புகளின் பணியும் அந்த வேரை அறுக்க எழுந்தவையே.

வட ஆர்க்காடு 1989இல் பிரிந்தபோது நம் மாவட்டம் சில ஆண்டுகள் அம்பேத்கர் பெயரைத் தாங்கியது. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் குடியாத்தமும் கீழ்வைத்தினான்குப்பமும் தனித் தொகுதிகளாயின. பெயரும் இடமும் பெருமைதாம். ஆனால் அந்த இடத்துக்கு வருபவர் யாருக்குப் பதில் சொல்பவர் என்ற 1946ஆம் ஆண்டுக் கேள்வி அப்படியே நிற்கிறது. பிற வகுப்பு வாக்காளரின் நல்லெண்ணத்தையும் பெற்று, நம் மக்களின் நம்பிக்கையையும் இழக்காத பிரதிநிதிகளை உருவாக்குவதே அதற்குரிய விடை. அத்தகையோர் வானத்திலிருந்து வரமாட்டார். நம் பள்ளிகளிலிருந்தே வரவேண்டும்.

1989 முதல் வாக்குரிமை வயது 18. நம் குடியிருப்பில் அவ்வயதை எட்டிய ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் உள்ளதா என்று வீடு வீடாகச் சென்று பாருங்கள். வேலை தேடி வெளியூர் சென்றவர் பெயர் நீங்கியிருந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வாக்குக்குக் காசு நீட்டுவோரிடம், எம் பாட்டன் இவ்வுரிமை இன்றியே மாண்டான் என்று சொல்லுங்கள். படித்தவர் ஒருவர் படியாத பத்துப் பேருக்குப் பட்டியலைப் படித்துக் காட்டுவது இச்சங்கத்தின் பணிகளுள் ஒன்றாகட்டும்.

1946இல் அந்த வரிசையில் நிற்க இயலாமற் போனவர்களுக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.